பழைய குழாயைப் பிடுங்குவதா, சுவருக்குள்ளேயே விடுவதா? ஃபிளாட் சங்கங்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னையில் 1980களிலும் 90களிலும் எழும்பிய தரைத்தளம் சேர்த்து நான்கு அடுக்கு ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் மூன்று வகைப் பழைய குழாய்கள் இருக்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும், துத்தநாகம் பூசிய இரும்பாலான (ஜி.ஐ.) டவுன்டேக் ஒன்று. பின்பக்க டக்ட்டில் (குழாய்கள் இறங்க விட்ட இடுக்கில்) ஈயம் உருக்கி ஊற்றி இணைத்த வார்ப்பிரும்புக் கழிவுக்குழாய் இரண்டாவது. மழைநீர் இறங்கவும் கழிவுக்குழாய்க்குக் காற்று போகவும் வைத்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப் மூன்றாவது. மூன்றும் ஒரே வயதுதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே முடிவு எடுத்தால் சங்கத்தின் பணமும் போகும், சுவரும் போகும்.

பொதுக்குழுவில் "குழாயை மாத்திடலாமா?" என்று ஒரே கேள்வியாகத்தான் விஷயம் வருகிறது. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புதிய லைன் போட வேண்டுமா என்பது முதலாவது. போட்டபின் பழையதை என்ன செய்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மூன்று கொட்டேஷன் வாங்குகிற சங்கங்கள்கூட இரண்டாவதைப் பிளம்பர் கையில் விட்டுவிடுகின்றன. அவரோ அன்றைக்கு எது சுலபமோ அதைச் செய்துவிட்டுப் போகிறார். டைல்ஸை உடைக்காமல் விட்டிருக்க வேண்டிய இடத்தில் உடைப்பதும், கழற்றியே ஆக வேண்டியதை டக்ட்டில் தொங்க விடுவதும் இப்படித்தான் நடக்கிறது.

முடிவெடுக்கும் முன்

குழாயின் வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் ஓடிய ஜி.ஐ. குழாய் 15 வருடத்தில் வீணாகியிருக்கும். மெட்ரோ வாட்டர் மட்டும் ஓடியது 35 வருடத்துக்குப் பிறகும் நன்றாக இருக்கலாம். துத்தநாகப் பூச்சு கரையும் வரைதான் இரும்புக்குக் காவல். குளோரைடு மிகுந்த தண்ணீர் அந்தப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். கீஸரிலிருந்து வரும் சுடுதண்ணீர் லைன் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். 60 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றுவதை நிறுத்திவிடுவதுதான் காரணம்.

நான்கு சோதனைகள் போதும். முதலாவது பக்கெட் சோதனை: ஒவ்வொரு வீட்டிலும் ஒரே நேரத்தில், ஒரே குழாயில், 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே டவுன்டேக்கில் இருக்கும் நான்கு வீடுகளில் ஒன்று மட்டும் மிக மெதுவாக நிறைந்தால் அடைப்பு அந்த வீட்டின் உள்லைனில் இருக்கிறது. நான்குமே மெதுவாக நிறைந்தால் பொதுக் குழாயில் இருக்கிறது.

இரண்டாவது, இரவுச் சோதனை. எல்லாரும் தூங்கிய பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடு போட்டு வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பு 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 50 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. ஃபிளஷ் டேங்க் ஒழுகல்களை முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

மூன்றாவது, ஈரச் சுவரின் காரணத்தைப் பிரித்தறிவது. அந்த டவுன்டேக்கின் வால்வை இரவு முழுக்க மூடிப் பார்ப்பது போதாது. சுவர் காய மூன்று, நான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் வால்வை மூடியே வைத்து, அதனால் தண்ணீர் நிற்கும் வீடுகளுக்குத் தற்காலிக ஹோஸ் மூலம் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் பின்வாங்கினால் கசிவது நல்ல தண்ணீர்க் குழாய். பின்வாங்கவில்லை என்றால் கழிவுக்குழாயோ, கழிவறைத் தரைக்கு அடியிலுள்ள பள்ளத் தளமோ காரணம். அப்போது மேல்வீட்டுக் கழிவறைத் துளையில் நிறமி கரைத்து ஊற்றினால் கீழே எங்கே நிறம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல தண்ணீர் லைன் முழுவதையும் மாற்றிவிட்டு, அடுத்த மாதமும் அதே இடத்தில் ஈரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும் சங்கங்கள் உண்டு.

நான்காவது, துண்டு வெட்டிப் பார்ப்பது. தொட்டியிலிருந்து வெளியேறும் இடம், நடுமாடியில் ஓர் எல்போ (வளைவு இணைப்பு), தரைத்தளத்தில் கடைசித் துண்டு என மூன்று இடங்களில் ஓரடி வெட்டி, நீளவாக்கில் பிளந்து பொதுக்குழு மேஜையில் வையுங்கள். கால் இன்ச் துவாரம் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு இன்ச் குழாயைக் கண்ணால் பார்த்தபின் விவாதம் பாதியாகக் குறையும். மரை வெட்டிய பகுதியை முக்கியமாகப் பாருங்கள். மரை வெட்டும்போதே குழாயின் சுவர் ஏறக்குறைய பாதியாக மெலிந்துவிடுகிறது. துரு முதலில் ஓட்டை போடுவது அங்கேதான்.

நல்ல தண்ணீர் லைன்: ஒட்டுப்போடலாமா, முழுசாக மாற்றலாமா

ஒழுகும் இடத்தை மட்டும் மாற்றுவது மலிவு என்பது முதல் இரண்டு தடவைக்குத்தான். காரணம் இரும்பின் இயல்பில் இருக்கிறது. ஓர் எல்போவைக் கழற்றப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்பினால், அந்தத் திருகல் மேலே இருக்கும் அடுத்த இணைப்பு வரை போகும். ஏற்கெனவே மெலிந்த மரை அங்கே முறியும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இரண்டு உடையும். இன்னொன்று: பழைய துருப்பிடித்த குழாய்க்கு நடுவே புதிய ஜி.ஐ. துண்டு வைத்தால், இரண்டில் அரிப்பு முதலில் பிடிப்பது புதியதைத்தான். "புதுசா போட்டதே ரெண்டு வருஷத்துல போச்சு, சரக்கு மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் சரக்கு மேல் குற்றமில்லை. பித்தளை வால்வை நேராக ஜி.ஐ. மரையில் ஏற்றிய இடத்திலும் இதே கதைதான்.

ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உப்பையும் துருவையும் கரைக்கும். மிச்சமிருக்கும் துத்தநாகத்தையும் சேர்த்தே கரைக்கும். பல இடங்களில் அந்தத் துருக்கட்டிதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது போனதும் சுவருக்குள் நான்கைந்து இடத்தில் ஒரே நேரத்தில் கசிவு தொடங்கும். குழாயின் உள்ளே எபாக்ஸி பூசும் முறை பெரிய விட்டக் குழாய்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். நம் வீடுகளுக்குள் ஓடுவது அரை இன்ச், முக்கால் இன்ச் மரை இணைப்புக் குழாய். பூசுவதற்கு முன் மணல் ஊதிச் சுத்தம் செய்யும்போதே மெலிந்த மரை ஓட்டையாகிவிடும். இந்த வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மேல்மாடியில் தண்ணீர் வரவில்லை என்பதற்காகப் பிரஷர் பம்ப் வைப்பதும் ஒரு 'தீர்வாக' முன்வைக்கப்படுகிறது. பழைய குழாயில் அதைச் செய்யவே கூடாது. கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். தொட்டியின் அடி மொட்டை மாடித் தளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், மூன்றாம் மாடிக் குழாய்க்குக் கிடைப்பது மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். தரைத்தளத்துக்கு 1.25 பார். அந்தக் குழாய்கள் ஆயுள் முழுக்க இந்த அழுத்தத்தைத்தான் பார்த்திருக்கின்றன. பம்ப் ஏற்றும் 2 பார், 3 பார் அழுத்தத்தில் முதல் வாரமே எங்கேயாவது மரை பிய்த்துக்கொள்ளும்.

ஆக, வெட்டிப் பார்த்த மூன்று துண்டுகளில் இரண்டில் துவாரம் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ, ஒரே வருடத்தில் வெவ்வேறு இடங்களில் மூன்று கசிவு வந்திருந்தாலோ, அந்த டவுன்டேக்கை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். முதல் மாடிக்கு மட்டும், இரண்டாம் மாடிக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள்.

அளவில்தான் ஏமாறுகிறார்கள்

ஜி.ஐ.க்குப் பதில் இன்று போடுவது பெரும்பாலும் சி.பி.வி.சி. அல்லது யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய். சுடுதண்ணீர் போகும் இடத்தில், சோலார் ஹீட்டர் லைன் உட்பட, சி.பி.வி.சி. மட்டும்தான். அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15778. குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும். யு.பி.வி.சி. 45 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும்.

'அரை இன்ச்சுக்கு அரை இன்ச்' என்று மாற்றினால் புதிய குழாயில் பழையதைவிடக் குறைவாகத் தண்ணீர் வரும். அரை இன்ச் ஜி.ஐ. மீடியம் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அரை இன்ச் சி.பி.வி.சி. எஸ்.டி.ஆர். 11 (சுவர்க் கனத்தைக் குறிக்கும் வகை) குழாயின் உள்விட்டம் பன்னிரண்டரைதான். இரண்டும் வேறு வேறு அளவுமுறையில் வருபவை. அதே அழுத்தத்தில் ஏறக்குறைய பாதித் தண்ணீர்தான் வரும். தரைத்தளத்துக்காரர் கவனிக்க மாட்டார். 0.35 பார் அழுத்தத்தில் குளிக்கும் மூன்றாம் மாடிக்காரர் மறுநாளே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சி.பி.வி.சி.யில் ஒரு அளவு மேலே ஏறுவதுதான் விதி: அரை இன்ச் ஜி.ஐ.க்கு முக்கால், முக்காலுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்றேகால். மேல்மாடிக்குத் தனி டவுன்டேக் கொடுக்க இடமிருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

உத்தேச அளவு தெரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு. தளத்துக்கு நான்கு வீடு, நான்கு தளம், மொத்தம் 16 வீடு. வீட்டுக்கு இரண்டு குளியலறை, ஒரு சமையலறை. ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் நான்கு வீடுகளுக்கு மூன்று டவுன்டேக் வீதம் மொத்தம் 12. ஒவ்வொன்றும் 11 மீட்டர் என்றால் 132 மீட்டர். தொட்டியிலிருந்து டவுன்டேக்குகளுக்குத் தண்ணீரைப் பிரித்துத் தர மொட்டை மாடியில் சுற்றிவரும் ஹெடர் லைன் 60 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழையும் 48 இடங்களிலும் ஒரு பால் வால்வும் ஒரு யூனியனும் (குழாயை வெட்டாமல் கழற்றும் இணைப்பு) வேண்டும். செங்குத்தாக 1.2 மீட்டருக்கு ஒன்று, கிடையாக 90 சென்டிமீட்டருக்கு ஒன்று என க்ளாம்ப் மட்டும் 180க்கு அருகில் வரும். க்ளாம்பை மிச்சப்படுத்துவதுதான் கான்ட்ராக்டர் முதலில் செய்யும் வேலை. ஆறு மாதத்தில் ஹெடர் லைன் வயிறு தொங்கும்.

சில இடங்களில் கை வைக்கும்போதே சரியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு டவுன்டேக்கிலும் மேல் வால்வுக்கு அடுத்து, தொட்டியின் நிரம்பிவழியும் மட்டத்துக்கு மேலே உயரும் ஒரு காற்றுக்குழாய் வேண்டும். அது இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறக்கும்போது மேல்வீட்டில் காற்று உறிஞ்சும். 10 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளும். அதனால் மொட்டை மாடியில் நேர்கோட்டில் இழுக்காமல் இடையில் ஒரு வளைவு கொடுக்க வேண்டும். வெயில்படும் இடமெல்லாம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் அடிக்க வேண்டும். தின்னர் கலந்த எனாமல் பிளாஸ்டிக்கைத் தின்னும். சி.பி.வி.சி.க்கு அதற்கென்றே உள்ள சால்வென்ட் சிமெண்ட் வேண்டும், யு.பி.வி.சி. டப்பாவைக் கொண்டு ஒட்டினால் இணைப்பு நிற்காது. ஒட்டி 24 மணி நேரம் கழித்துத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்ப்பில் 6 கிலோ அழுத்தம் ஏற்றி, இரண்டு மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லாகத் தெறிக்கும்.

சுவருக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். புதிய லைன் வெளிச்சுவரில் அல்லது டக்ட்டில் வந்துவிட்டது. சுவருக்குள் புதைந்திருக்கும் பழைய குழாயைத் தோண்டி எடுக்க வேண்டுமா?

எங்கள் பதில்: வேண்டாம். கொன்றுவிட்டு அங்கேயே விடுங்கள். நாலரை இன்ச் செங்கல் சுவரில் பதிந்த குழாயை எடுக்கத் தோண்டினால் சுவரின் கனத்தில் பாதி போய்விடும். படுக்கைவாக்கில் ஓடும் குழாயென்றால் சுவரே பலவீனமாகும். சில பழைய கட்டடங்களில் குழாய் பீமை ஒட்டியோ, தூணின் பூச்சுக்குள்ளோ போயிருக்கும். அங்கே உளி வைத்தால் கம்பி வெளியே தெரியும், அதற்குப்பின் அந்தக் கம்பியே துருப்பிடிக்கத் தொடங்கும். 30 வருடத்துக்கு முந்தைய டைல்ஸுக்கு ஜோடி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வரி உடைத்தால் முழுக் குளியலறையும் மாற்ற வேண்டிவரும். இந்தச் செலவுக்கு எதிரே கிடைப்பது சில கிலோ துருப்பிடித்த இரும்பு.

உள்ளே விட்ட இரும்பு வீங்கிச் சுவரை வெடிக்கவைக்காதா என்று கேட்பார்கள். ஈரமிருந்தால் வெடிக்கவைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். ஆனால் அது தொடர்ந்து நடக்கத் தண்ணீர் வேண்டும். உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்க வடிந்து, வெளியிலிருந்தும் ஈரம் வராமல் இருந்தால் வேகம் மிகவும் குறைந்துவிடும். அதனால்தான் 'கொல்வது' என்பதில் ஒரு சமரசமும் கூடாது. பெரும்பாலான தொல்லைகள் வால்வை மூடிவிட்டு வேலை முடிந்தது என்று போவதால் வருபவை. பழைய கேட் வால்வு எதுவும் முழுசாக அடைக்காது. சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். சுவருக்குள் நின்றுபோன தண்ணீர் அழுகும். பின்னொரு நாள் யாராவது அந்த வால்வைத் திறந்தால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலக்கும்.

செய்ய வேண்டிய முறை இது. தொட்டிப் பக்கத்தில் பழைய குழாயை வால்வோடு சேர்த்து ஓரடி நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். தொட்டிச் சுவரில் இருக்கும் பழைய துளையை உள்பக்கமிருந்து பிளக் போட்டு அடைக்க வேண்டும். தரைத்தளத்தில் மிகத் தாழ்வான இடத்தில் குழாயை அறுத்து, ஒரு முழு நாள் திறந்து வைத்துத் தண்ணீரை வடிய விட வேண்டும். வடியும்போது ஒவ்வொரு வீட்டிலும் பழைய டேப்களைத் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து முழுசாக வடியும். ஒரு நாளுக்குப் பிறகும் சொட்டிக்கொண்டிருந்தால் எங்கோ இன்னொரு இணைப்பு உயிரோடு இருக்கிறது. யாரோ ஒருவர் என்றைக்கோ வாஷிங் மெஷினுக்காக இழுத்த டீ (கிளை இணைப்பு) ஆக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. வடிந்தபின் ஒவ்வொரு முனையையும் மரை பிளக்கால் அடைத்து, சுவர் மட்டத்துக்குள் தள்ளிப் பூசிவிடலாம்.

கடைசியாக, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இறந்த குழாய் போகிறது என்று ஒரு படம். பூசுமுன் அளவுநாடா தெரியும்படி போட்டோ எடுத்துச் சங்கத்தின் கோப்பில் வைத்தால் போதும். பத்து வருடம் கழித்து டிரில் போடுபவர் இரும்பைத் தொட்டுப் பதறும்போது அந்தப் படம்தான் உதவும்.

சுவருக்குள் இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. கழிவறையின் பள்ளத் தளத்துக்குள் ஓடும் ஜி.ஐ. குழாய். அங்கே மேலிருந்து எப்போதும் ஈரம் வரும், எவ்வளவு வடித்தாலும் துரு நிற்காது. அந்தத் தளத்தை வாட்டர்புரூஃபிங்குக்காக உடைக்கும் நாள் வந்தால், அன்றைக்கே அதையும் எடுத்துவிடுங்கள். அதற்காக மட்டும் தனியாக உடைக்க வேண்டாம்.

வெளிச்சுவரிலும் டக்ட்டிலும் தொங்கும் ஜி.ஐ. விஷயத்தில் பதில் நேர்எதிர். அதைக் கழற்றிவிட வேண்டும். க்ளாம்ப்கள் குழாய்க்கு முன்னாலேயே துருப்பிடிக்கும். சராசரி 40 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்கு மூன்றரைக் கிலோ எடை, மேலே சொன்ன 132 மீட்டரில் ஏறக்குறைய அரை டன் இரும்பு, துருப்பிடித்த க்ளாம்பை நம்பித் தொங்குகிறது. கீழே விளையாடும் குழந்தைகளை நினைத்தாவது இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அறுப்பதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இதில் உயிர் போகும். அந்தக் காலத்து ஃபிளாட் பலவற்றில் எலக்ட்ரீஷியன்கள் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருக்கிறார்கள். மீட்டர் போர்டுப் பக்கம் சரியான எர்த் குழி இருந்தாலும், கீஸருக்கோ மோட்டாருக்கோ பின்னால் சேர்த்த எர்த் குழாயில் இருக்கலாம். இரும்புக் குழாயை நடுவில் வெட்டி பிளாஸ்டிக் வைத்த அந்த நிமிடம், அதற்கு மேலே உள்ள வீடுகளின் எர்த் காற்றில் தொங்கும். எந்த வீட்டிலாவது கீஸரில் மின்கசிவு வந்தால் ஷவர் உட்பட எல்லா இரும்பிலும் மின்சாரம் நிற்கும். வெட்டுபவர் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்தால் அவரே வயராகிவிடுவார்.

அதனால் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் குழாயோடு பிணைந்த எர்த் வயரைத் தேடிப் பார்த்து, அதைத் தனி எர்த் குழிக்கு மாற்றி, எர்த் மீட்டரால் அளந்து முடித்திருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடுகளில் அதைப் போடச் சொல்லுங்கள். அறுக்கும் நாளில் டெஸ்டர் வைத்துக் குழாயைச் சோதித்து, அறுக்கும் இடத்தின் இருபுறமும் தடித்த செம்பு வயரால் பாலம் போட்ட பிறகே ஹேக்சா வைக்க வேண்டும். பிளம்பருக்கு இது பழக்கமிருக்காது. சங்கம்தான் வலியுறுத்த வேண்டும்.

வார்ப்பிரும்புக் கழிவுக்குழாய்

இங்கே 'விட்டுவிடலாம்' என்ற வாதத்துக்கு இடமே குறைவு. கழிவுக்குழாய் முழுதாக நன்றாக இருந்தால் அப்படியே ஓடட்டும். வார்ப்பிரும்பு தடிமனானது, பிளாஸ்டிக்கைவிடச் சத்தமும் குறைவு. ஈய இணைப்பு மட்டும் விட்டிருந்தால் திரும்ப அடித்து இறுக்க முடியும், அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் குழாயே நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தாலோ, சுத்தியால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தாலோ, இணைப்புகளில் அரசஞ்செடி வேர் புகுந்திருந்தாலோ, முழு உயரத்துக்கும் எடுத்துவிட்டு மாற்றுங்கள். அரச வேர் ஈயத்தைப் பிளந்து உள்ளே போய்விடும். வெளியே தெரியும் செடியை வெட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

நடுவில் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? நூறு மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு ஆறடித் துண்டு 20 கிலோவுக்கு மேல். மேலே இருக்கும் துண்டுகளின் பாரம் கீழ்த்துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே பிளாஸ்டிக் வைத்தால் அந்தப் பாரம் பழைய க்ளாம்ப்களுக்கு மாறும், மேலே உள்ள ஈய இணைப்புகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். பழையதும் புதியதும் சந்திக்கும் இடத்தை சிமெண்ட் குழைத்து அடைப்பது இன்னொரு வழக்கம். பிளாஸ்டிக் விரியும், சிமெண்ட் விரியாது. சில மாதத்தில் வளையமாக விரிசல் வரும். தவிர்க்க முடியாவிட்டால் எஃகுப் பட்டியுடன் கூடிய ரப்பர் கப்ளிங் போடுங்கள்.

பழையதை டக்ட்டிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை இறக்கலாமே என்றால், மூன்றடிக்கு மூன்றடி டக்ட்டில் அதற்குப்பின் ஆள் இறங்க முடியாது. பழைய கிளைத்துளைகள் வழியாக எலியும் கரப்பானும் நாற்றமும் வீட்டுக்குள் வரும். எட்டுக் கழிவுக்குழாய், ஒவ்வொன்றும் 13 மீட்டர் என்றால் ஒரு டன்னுக்கு மேல் இரும்பு அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

கழற்றுவது மேலிருந்து கீழாகத்தான். கீழ்த்துண்டை முதலில் உடைத்தால் மேலிருப்பது சரியும். ஒவ்வொரு துண்டையும் கயிற்றால் மொட்டை மாடிக் கம்பத்தில் கட்டிய பிறகே அதன் இணைப்பை அறுக்க வேண்டும். சம்மட்டியால் உடைத்துக் கீழே தள்ளுவதை அனுமதிக்காதீர்கள். சேம்பரின் (தரையில் கழிவுநீர் வந்து சேரும் தொட்டியின்) வாய் அடைபடும், சன்ஷேடு உடையும், ஆள் மேல் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. கீழே சேம்பருக்குள் சாக்கு திணித்து வைத்தால் இரும்புச் சில்லு வடிகாலுக்குள் போகாது. வேலை முடிந்து சாக்கை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

புதியதற்கு ஐ.எஸ். 13592 தர எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பிளாஸ்டிக்) குழாய், அதில் பி வகை, 110 மில்லிமீட்டர். ஏ வகை மெல்லியது, மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும்தான். கடையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அச்சைப் படித்து வாங்குங்கள். ரப்பர் வளைய இணைப்பில் குழாயை முழுசாக உள்ளே தள்ளிவிட்டு 10 மில்லிமீட்டர் பின்னால் இழுத்து விட வேண்டும், வெயிலில் நீள இடம் வேண்டும். அடியில் ஒரே 90 டிகிரி பெண்ட் வைக்காமல் இரண்டு 45 டிகிரி பெண்ட் வையுங்கள். அங்கேயும் ஒவ்வொரு மாடியிலும் திறந்து சுத்தம் செய்யக் கதவு வைத்த துண்டு இருக்கட்டும். கிடையாக ஓடும் கிளைக்கு 40க்கு 1 சரிவு. தரைத்தளக் கழிவறையை மட்டும் இந்தக் குழாயில் சேர்க்காமல் நேரே சேம்பருக்குத் தனியாகக் கொண்டுபோவது, அடைப்பு வரும் நாளில் தரைத்தளத்துக்காரரைக் காப்பாற்றும்.

ஆஸ்பெஸ்டாஸ் பைப்

உடையாமல், விரிசல் இல்லாமல், யார் கையும் படாத இடத்தில் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆபத்து அதன் தூசியில் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போன நார் நுரையீரலிலேயே தங்கி, பல வருடம் கழித்து நோயாக வெளிவரும். வார்ப்பிரும்பை எடுக்கும்போது இடைஞ்சலாக இருந்து இதையும் எடுக்க நேர்ந்தால் கிரைண்டர் வைத்து அறுக்கவே கூடாது, சுத்தியால் உடைக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, க்ளாம்பைக் கழற்றி, முழு நீளமாக இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். துணி மாஸ்க் போதாது. தூசிகளுக்கான சரியான ஃபில்டர் மாஸ்க்கை வேலையாட்களுக்குச் சங்கமே வாங்கிக் கொடுக்க வேண்டும். டக்ட் பக்க ஜன்னல்களை அன்றைக்கு மூடிவைக்கச் சொல்லுங்கள்.

யார் பணம், யார் சம்மதம்

வீட்டுக்குள் நுழையும் வால்வு வரை பொது, அதற்கு உள்ளே வீட்டுக்காரருடையது என்பதே பெரும்பாலான சங்கங்களின் நடைமுறை. டவுன்டேக்கும் கழிவுக்குழாயும் ஒருவரின் குளியலறைச் சுவரை ஒட்டிப் போனாலும் பொதுதான். சண்டை வருவது பள்ளத் தளத்துக்குள் ஓடும் கிளைக்குழாயில். அது ஒரே ஒரு வீட்டுக்குப் பயன்படுவதால் மேல்வீட்டுக்காரர் பொறுப்பு என்று வேலைக்கு முன்பே தீர்மானத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொட்டேஷனை ஒரே தொகையாக வாங்காதீர்கள். குழாய் வகையும் அளவும், மீட்டர் விலை, வால்வு எண்ணிக்கை, க்ளாம்ப் இடைவெளி, சாரம், பழையதை இறக்கும் கூலி, பூச்சும் பெயிண்டும், டைல்ஸ் வேலை எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். அப்படி வந்தால் ஒன்று புரியும்: குழாயின் விலை மொத்தத்தில் சிறு பங்குதான், சாரமும் உடைத்துப் பூசுவதும்தான் பணத்தைத் தின்கின்றன. அதனால் சாரம் நிற்கும்போதே தண்ணீர்க் குழாய், கழிவுக்குழாய் இரண்டையும் முடித்துக்கொள்வதுதான் லாபம். பழைய இரும்பு யாருக்கு என்பதும் ஒரு வரி. ஒன்றரை டன் இரும்பு சங்கத்தின் சொத்து. எடை போட்டு, ரசீதோடு வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

தரைத்தளத்துக்காரர்கள் "எங்களுக்குத் தண்ணீர் நல்லாத்தானே வருது" என்று மறுப்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், அழுத்தம் அவர்களுக்கு மூன்றரை மடங்கு. ஆனால் மேலே விடும் கசிவு கடைசியில் இறங்குவது அவர்கள் சுவரில்தான். பக்கெட் சோதனைக் கணக்கையும் வெட்டிய துண்டையும் காட்டிப் பேசுங்கள்.

ஒரு சூழ்நிலையில் எங்கள் பரிந்துரை முழுக்க மாறும். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு உண்மையாகவே நடந்துகொண்டிருந்தால், இத்தனையும் செய்ய வேண்டாம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய அது வழிவிடுகிறது. அந்த எண்ணிக்கை கையெழுத்தாகவே இருக்கிறது என்றால், நல்ல தண்ணீருக்கு மட்டும் வெளிச்சுவரில் மலிவான தற்காலிக லைன் இழுத்து, ஆபத்தாகத் தொங்கும் இரும்பை மட்டும் இறக்கிவிட்டு, மற்றதை ஒட்டுப்போட்டு ஓட்டலாம். பேச்சு வெறும் பேச்சாக இருந்தால் அதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது.

சென்னையில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் பொங்கல் முடிந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் சுவரிலிருந்து இறங்கியிருக்கும், கோடைத் தட்டுப்பாடு தொடங்கியிருக்காது. அடுக்கடுக்காக நிற்கும் நான்கு வீடுகளை ஒரு தொகுதியாக எடுத்து, புதியதைப் பழையதற்குப் பக்கத்திலேயே முழுக்கக் கட்டி, ஒரு நாள் காயவிட்டுச் சோதித்து, பிறகே வீடுகளை மாற்றுங்கள். வீட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டைக் காலையில் முதல் வீடாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குழாயை அறுப்பது, புதியதில் ஒரு வாரம் தண்ணீர் ஓடி எந்த இணைப்பும் கசியவில்லை என்று உறுதியான பிறகுதான்.